மான் மோந்து பார்த்த குல்லா

1

கயலுக்குப் பதினேழு முடிந்து நான்கு நாள் ஆகிறது. வருகிற சனிக்கிழமை இங்கே வில்வேட்டைக் காலம் தொடங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கயல் என் மகள். ஒரே பிள்ளை. நாங்கள் இருக்கும் மாநிலத்துச் சட்டப்படி பதினேழு ஆகாத பிள்ளை மான் வேட்டைக்குப் போனால் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். மூன்று வருஷமாக அந்தப் பெரியவர் நான்தான். இனிமேல் சட்டத்துக்கு நான் வேண்டாம். கயலுக்கு வேண்டுமா என்று கேட்கலாம்தான். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் கேட்காமல் இருக்கிறேன்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் அமெரிக்கா போய் மான் வேட்டை ஆடுகிறானா என்று நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. சிரியுங்கள். என் அம்மாவே சிரித்தாள். வீடியோவில் விஷயத்தைச் சொன்னபோது, "மாட்டப் பாத்தாலே ரோட்டு அந்தாண்ட போற ஆளு நீ, நீ இன்னாடா மானத் தொரத்திக்கினு கீற" என்றாள். நான் துரத்தவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "அதான பாத்தேன்" என்றாள்.

நம் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். இங்கே மான் பெருத்துக் கிடக்கிறது. என் கொல்லையில் அவரைப் பந்தல் போட்டால் பூ வைக்கிற அன்றைக்கே வந்து வேர் வரை மேய்ந்துவிட்டுப் போகும். அரசாங்கமே இன்ன ஆளுக்கு இத்தனை என்று சீட்டுக் கொடுத்து வேட்டையாடச் சொல்கிறது. கயல் பள்ளிக்கூடத்து வில்வித்தைக் குழுவில் சேர்ந்தாள். அங்கிருந்து, குறி பார்க்கிற அட்டைப் பலகையை விட்டுக் காட்டுக்குப் போக ஆசைப்பட்டாள். ஜெயந்தி, என் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரத்தம் பார்த்துப் பழகியவள். "ஆட்டுக்கறி சாப்பிடுறோம்ல, அப்புறம் என்ன" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கூடப் போக நேரம் இல்லாதவளும் அவள்தான். ஆகவே நான்.

2

முதல் வருஷம் சீட்டு வாங்கப் போன கதையைச் சொல்லாமல் விட முடியாது. கவுண்டரில் இருந்த அம்மா இரண்டு பேருடைய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இவளுடைய குடும்பப் பெயர் பாஸ்கரன். உங்களுடையது கோவிந்தன். நீங்கள் இவளுக்கு யார்?"

"அப்பா."

"அப்படியானால் பாஸ்கரன் யார்?"

"நான்தான். அது என் பெயர். என் பெயர் அவளுக்குப் பின்னால் வரும்."

"கோவிந்தன்?"

"அது என் அப்பா."

அவள் இரண்டு அட்டையையும் மறுபடி பார்த்தாள். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டாள். "கோவிந்தனும் வேட்டைக்கு வருகிறாரா?"

அவர் தவறிவிட்டார் என்றேன். மன்னிக்கச் சொன்னாள். பிறப்புச் சான்றிதழோடு நாளைக்கு வரச் சொன்னாள். வாசலுக்கு வந்ததும் கயல், "ஏன்ப்பா நாம மட்டும் எல்லா ஆபீஸ்லயும் ரெண்டு தடவை போறோம்?" என்றாள். அடுத்த நாள் லீவு போட்டு நான் பெற்ற பிள்ளைக்கு நான் அப்பா என்று நிரூபித்துவிட்டு வந்தேன்.

3

வில்வேட்டையில் அம்பு எய்வது கடைசி ஐந்து நொடி. அதற்கு முன்னால் இருக்கிறதெல்லாம் காற்றும் வாசனையும்தான். துப்பாக்கிக்காரன் தூரத்தில் இருந்து சுட்டுவிடுவான். வில்லுக்கு மான் இருபது, இருபத்தைந்து தப்படிக்குள் வர வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் மானின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஏமாற்றலாம், மூக்கை மட்டும் முடியாது. மான் வரும் பக்கத்திலிருந்து காற்று நம்மை நோக்கி வர வேண்டும். நம்மிடமிருந்து அதனிடம் போகக் கூடாது. இவ்வளவுதான் சாஸ்திரம். இதைக் காப்பாற்றத்தான் உயிர் போகிறது.

வேட்டைத் துணியை வாசனையில்லாத சோப்பில் துவைக்க வேண்டும். வெளிக்காற்றில் உலர்த்த வேண்டும். பிறகு ஓக் மரத்துச் சருகும் ஒரு பிடி மண்ணும் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைக்க வேண்டும். துவைத்த துணியில் மண்ணை அள்ளிப் போடுவதை முதலில் பார்த்தபோது தடுக்கப் போனேன். வேட்டைக்கு முந்தின நாள் வீட்டில் தாளிப்பு இல்லை. எனக்குத் தலையில் எண்ணெய் இல்லை, முட்டிக்குத் தைலம் இல்லை. காட்டுக்குப் போனதும் கயல் ஒரு சின்னப் புட்டியை அமுக்குவாள். வாசனையில்லாத வெள்ளைத் தூள் புகை மாதிரி பறக்கும். அது போகிற திசையைப் பார்த்து மரத்தில் கட்டிய பரண்களில் எதில் ஏறுவது என்று முடிவு செய்வாள்.

தூள் பறப்பதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அம்மாவின் கொடிக்கயிறுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பிளாக்கில் துணி காயப் போடுவது லேசான காரியம் இல்லை. காற்று மைன்ஸ் பக்கமிருந்து அடித்தால் வெள்ளைத் துணியில் நிலக்கரிப் பொடி இறங்கிவிடும். கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துப் போகும். அம்மா காலையில் பின்வாசலில் நின்று பவர் ஹவுஸ் புகைபோக்கியைப் பார்ப்பாள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாளியை எடுப்பாள். நடுவில் காற்று மாறினால் படித்துக்கொண்டிருக்கிற என்னைக் கூப்பிடுவாள். "பொக இந்தாண்ட சாயுது, ஓடிப்போயி சட்டைய எடுடா. நாளிக்கு எதப் போட்டுக்கினு பள்ளிக்கொடம் போவ?"

அதனால் காற்று விஷயத்தில் நான் ஒன்றும் புதுசு இல்லை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் வாத்தியார் ஒரு பாடம் எடுத்தார். சாயங்காலம் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கும், வெயில் ஏறினால் மேட்டுக்கு ஏறும் என்றார். மற்றவர்கள் படம் வரைந்து புரிந்துகொண்டார்கள். மார்கழியில் டீக்கடை அடுப்பில் எரிகிற பழுப்பு நிலக்கரியின் புகை தரையோடு தரையாக ஓடி வாய்க்காலுக்குள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது பாடமே இல்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4

ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாசனை தெரியாது.

அந்தத் தொற்றுக் காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, மூக்கு திரும்பவில்லை. ஆறு மாதத்தில் வரும் என்றார்கள், ஒரு வருஷம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஜெயந்திக்குத் தெரியும். கேஸ் கசிந்தால் கத்துகிற மணி ஒன்றை அடுப்படியில் மாட்டிவிட்டாள். கயல் அப்போது சின்னப் பெண், பயந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை. பிறகு சொல்லவேண்டிய நேரம் தாண்டிப்போயிற்று.

கேட்க வேடிக்கையாக இருக்கும். என் அப்பா மூக்கால் பிழைத்தவர். கம்மாபுரம் பக்கத்து ஆள். பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பெர்மனென்ட் ஆனவர். மைன்ஸில் கன்வேயர் பிரிவு. மைல் கணக்கில் ஓடுகிற ரப்பர் பெல்ட்டில் எங்கேயாவது உருளை ஒன்று சுற்றாமல் நின்றுவிட்டால் பெல்ட் உரசிச் சூடேறும். மீட்டர் காட்டுவதற்கு முன்னால் அப்பா மோப்பம் பிடித்துவிடுவார். "கோயிந்தன் நின்னா பெல்ட்ட நிறுத்து" என்று ஷிப்டில் சொல்வார்களாம். நான் இங்கே அட்டைப்பெட்டி ஆலையில் மெயின்டனன்ஸ். எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களிடம், "எதுவும் கருகுதா பாருங்க" என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

கயலிடம் ஏன் அப்புறமும் சொல்லவில்லை என்று கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. பதின்மூன்று வயதில் அவள் என் கையைப் பிடிப்பதை நிறுத்தினாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அறைக் கதவு மூடியே இருக்கும். அதெல்லாம் அந்த வயசுக்கு உள்ளதுதான், நானும் அப்பாவிடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் வேட்டை தொடங்கின பிறகு ஒன்று நடந்தது. ஒருத்தருடைய வாசனை அவருக்கே தெரியாது, இன்னொருத்தர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஜெயந்தி டூட்டியில் இருப்பாள். அதனால் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் கயல் தொப்பியைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து தலையைக் குனிவாள். "அப்பா, செக் பண்ணுங்க."

ஷாம்பூ வாசனை போய்விட்டதா என்று நான் பார்க்க வேண்டும். அவள் பிறந்த வாரத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் உச்சி முகர்ந்துகொண்டே இருப்பேன். ஜெயந்தி, "புள்ளைக்கு மூச்சு முட்டப் போகுது" என்று திட்டுவாள். அதே உச்சி, அதே வகிடு. நான் மூக்கை வைத்து மூச்சை இழுப்பேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. "ஒண்ணும் இல்லம்மா, கிளம்பலாம்" என்பேன்.

உண்மையைச் சொன்னால் அந்தத் தலை இனிமேல் குனியாது. அதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

5

போன வருஷம் நவம்பரில் மாட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு நல்ல குளிர். என் வேட்டைத் தொப்பி துவைத்த ஈரத்தில் கிடந்தது. காது விறைத்தால் என்னால் உட்கார முடியாது. அலமாரி மேலிருந்த பெட்டியைத் திறந்து அப்பாவுடைய குரங்குக் குல்லாவை எடுத்து, நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மார்கழி மாதம் முதல் ஷிப்டுக்குப் போகும்போது அவர் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்த குல்லா. என் காய்ச்சலுக்கு முந்தின வருஷம் அவர் தவறினார். காரியம் முடிந்து கிளம்பும்போது அம்மா அதைத் துவைக்காமலே மடித்து என் பெட்டியில் வைத்தாள். கம்பளியைப் பூச்சி அரிக்கக் கூடாது என்று பாச்சை உருண்டை இரண்டைத் துணியில் முடிந்து வைத்தாள். அந்த உருண்டைகள் கரைந்ததும் இந்தியக் கடையில் வாங்கி மறுபடி மறுபடி போட்டது நான்தான். எனக்கு வாசனை இல்லாததெல்லாம் உலகத்துக்கும் வாசனை இல்லாதது என்று எப்போதோ பழகிவிட்டது.

இரண்டு பேர் உட்காருகிற பரண். கயலின் பழைய ஸ்கூல் பஸ் டிரைவருடைய நிலம், அவர் அனுமதி கொடுத்திருந்தார். வடமேற்குக் காற்று எங்கள் முகத்தில் அடித்தது, எல்லாம் சரியாக இருந்தது. பரணில் பேசக் கூடாது. வீட்டில் நாங்கள் பேசாமல் இருந்தால் ஜெயந்தி என்ன சண்டை என்று கேட்பாள். இங்கே பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காரலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதற்காகவே எனக்குப் பரணைப் பிடிக்கும். காது வலித்தது. குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கயல் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் சதுப்புப் பக்கமிருந்து அது வந்தது. ஆண் மான், கொம்பில் எட்டுக் கிளை. மூன்று வருஷமாக அவள் காத்திருந்த மான். அவள் சத்தமில்லாமல் வில்லை உயர்த்தினாள். இன்னும் பத்தடி வந்திருந்தால் போதும். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது. பிறகு என் பிடரியில் குளிர்ச்சி பட்டது. மேட்டுக் காற்று பள்ளத்துக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. அது எங்களைத் தாண்டித்தான் மானிடம் போக வேண்டும்.

மான் தலையைத் தூக்கியது. முன்காலால் தரையைத் தட்டியது. எங்கள் பக்கம் பார்த்து மூக்கால் சீறிவிட்டு, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது.

கயல் வில்லை இறக்கினாள். அப்போதுதான் இறங்கிய காற்று அவள் மூக்கையும் எட்டியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, என்ன ஸ்மெல் இது?"

"என்ன ஸ்மெல்?"

"இந்தக் குல்லா. பாத்ரூம்ல போடுற உருண்டை மாதிரி. இவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு, உங்களுக்குத் தெரியலையா?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. "தெரியாதும்மா. அந்தக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப இத்தனை நாள் என் தலையை செக் பண்ணீங்களே?"

"சும்மாதான்."

அவள் வில்லைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டாள். ஏணியில் இறங்கி முன்னால் நடந்தாள். நான் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். கவுண்டர் அம்மா அன்றைக்குக் கேட்டது சரிதான். கோவிந்தனும் வேட்டைக்கு வந்துவிட்டார்.

6

அடுத்த நாள் குல்லாவைத் துவைக்கப் போனேன். கயல் வந்து கையிலிருந்து பிடுங்கினாள். "துவைச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளி வராந்தாவில் ஒரு கம்பியில் மாட்டினாள். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெயந்தியிடம் கேட்டேன். "மூணு வருஷம் ஏமாத்திட்டு இப்ப என்கிட்ட கேளு" என்றாள்.

ஒரு வாரம் குல்லா காற்றில் ஆடிக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கயல் அதை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். குல்லாவுக்குள் மூக்கை விட்டு நன்றாக மோந்து பார்த்தாள்.

"அந்த உருண்டை ஸ்மெல் போயிடுச்சு. ஆனா அடியில வேற ஏதோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"இருங்க." கண்ணை மூடிக்கொண்டாள். "தீக்குச்சிய அணைச்சா வரும்ல, அந்த மாதிரி. அப்புறம் மண்ணு. ஈர மண்ணு இல்ல, வேற மண்ணு. அப்புறம் ரப்பர். சைக்கிள் கடைல வர்ற மாதிரி."

குல்லாவைத் திருப்பி வேறு பக்கம் மோந்தாள்.

"கொஞ்சம் தேங்காய் எண்ணெய். நெத்திப் பக்கம் மட்டும்." கண்ணைத் திறந்தாள். "தாத்தா இப்படித்தான் இருப்பாங்களா?"

இப்படித்தான் இருப்பார். ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே வாசலில் இப்படித்தான் இருக்கும். நிலக்கரி, பெல்ட், தலைக்கு வைத்த எண்ணெய். அவள் அவரை மூன்று தடவை பார்த்திருப்பாள், அதுவும் லீவுக்குப் போன இரண்டு வாரங்களில். அந்த வாசனை போய்விட்டதா இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெயந்தியிடம் கேட்டிருக்கலாம். போய்விட்டது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து நான் அழுதேன். கயல் எழுந்து போய்விடவில்லை.

பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். வேட்டைத் துணிக்கு வாங்கிய காற்றுப் புகாத பை ஒன்றைக் கொண்டுவந்தாள். குல்லாவை அதில் போட்டு, உள்ளே இருந்த காற்றை அமுக்கி வெளியே தள்ளி, வாயை மூடினாள். சருகும் மண்ணும் போடாத புதுப் பெட்டியில் அதை வைத்தாள். மூடியில் தாத்தா என்று தமிழில் எழுதினாள்.

"அந்த வேட்டைத் துணிப் பெட்டி வாசனை உள்ள போகாம இருக்க. இது வெளிய போகாம இருக்க. வருஷத்துக்கு ஒரு தடவை நான் திறந்து பாத்துச் சொல்றேன். நீங்க சும்மா சும்மா திறக்கக் கூடாது" என்றாள்.

அந்த வருஷத்து வேட்டைக் காலம் முடியும் வரை இன்னும் மூன்று தடவை காட்டுக்குப் போனோம். கிளம்பும் முன்னால் என்னைத் தலை முதல் கால் வரை மோந்து பார்ப்பாள். கழுத்து, அக்குள், காலுறை எல்லாம். போலீஸ் சோதனை தோற்றுப்போகும். ஆனால் அவள் தலையைக் குனியவில்லை. தொப்பி தலையிலேயே இருந்தது. தலையை மோந்து பார்க்க ஜெயந்தி வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கிளம்பினாள். சரிதானே, தெரியாதவனிடம் எதற்குக் காட்ட வேண்டும்?

7

சனிக்கிழமையும் வந்து போய்விட்டது. இதை எழுதும்போது ஞாயிறு காலை.

மத்தியானம் இரண்டரைக்கு அவள் தயாரானாள். ஜெயந்திக்குப் பகல் டூட்டி. நான் முந்தின நாளே தாளிப்பை நிறுத்தியிருந்தேன், தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, முட்டி வலித்தும் தைலத்தைத் தொடவில்லை. யாரும் கேட்காமலே செய்தேன். கூப்பிட்டால் கிளம்ப வேண்டுமே. என் வேட்டைத் துணி பெட்டியிலேயே இருந்தது. அதை எடுத்து வெளியே வைத்தால் கேட்பது போல ஆகிவிடும் என்று வைக்கவில்லை.

அவள் வில்லைக் காரில் வைத்தாள். முற்றத்தில் நின்று புட்டியை அமுக்கினாள். தூள் தென்கிழக்கே போனது.

"வடமேற்குக் காத்து. ஒத்தைப் பரண்ல உக்காரப் போறேன்ப்பா."

ஒற்றைப் பரணில் ஒருவர்தான் உட்கார முடியும். "சரிம்மா. இடுப்புப் பட்டைய மாட்டிக்க. ஏறினதும் மெசேஜ் போடு. வெயில் எறங்குனா காத்து கீழ வரும், மறந்துடாத" என்றேன்.

"தெரியும்."

கார்க் கதவைத் திறந்தவள் நின்றாள். திரும்பி வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் முன்னால் தலையைக் குனிந்தாள்.

"செக் பண்ணுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"அது தெரியும் எனக்கு. பண்ணுங்க."

வகிட்டில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தேன். நன்றாக, அவசரப்படாமல் இழுத்தேன். அவளும் அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. கிளம்பு."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள். கார் திருப்பம் தாண்டி வடமேற்கில் மறைந்தது. நான் உள்ளே போகாமல் முற்றத்திலேயே நின்றேன். காற்று அவள் போன பக்கமிருந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாஸ்திரப்படி நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தேன்.